பீப் சத்தம் கேட்காமல் சாமான் வெளியே போகாது: ஒரு கடற்கரை ஊர்க் குழுவின் பார்கோடு கணக்கு

தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் இந்தக் கடற்கரையில் எந்த ஊருக்குப் போனாலும் பொதுச் சாமான் ஒரு அறை நிறையக் கிடக்கும். கோயில் கமிட்டி வைத்திருக்கும், ஜமாஅத் வைத்திருக்கும், சர்ச் இளைஞர்கள் வைத்திருப்பார்கள், மீனவர் சங்கம் வைத்திருக்கும், இது எதிலும் சேராமல் நாலு பேர் கூடிப் பதிவு செய்த அறக்கட்டளையும் வைத்திருக்கும். வாங்கும்போது ஊரே கூடி வாங்கும், வெளிநாட்டில் இருப்பவர்கள் பணம் அனுப்புவார்கள், கொடுத்தவர் பெயரைச் சாமான் மேலேயே பெயின்ட்டில் பெரிசாக எழுதி வைப்பார்கள். இரண்டு வருஷம் கழித்து அந்தச் சாமான் எங்கே என்று கேட்டால் ஆளுக்கு ஒரு ஊரைச் சொல்வார்கள்.

மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே வடகடல் ஓரத்தில் இருக்கும் ஒரு ஊரின் தன்னார்வக் குழு இந்தப் பிரச்சினைக்குப் பார்கோடு ஸ்கேனர் வாங்கி வைத்துப் பார்த்தது. நான் அந்தக் குழுவில் உறுப்பினர் கிடையாது. ஜெராக்ஸ், ஐடி கார்டு, ஸ்டிக்கர் அடிக்கிற கடை வைத்திருப்பதால் லேபிள் அச்சடிக்கிற வேலை என்னிடம் வந்தது, கம்ப்யூட்டரில் கணக்குத் தாள் போட்டுக் கொடுக்கிற வேலையும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. இதே யோசனையில் இருக்கிற மற்ற ஊர்க் குழுக்கள் அடிக்கடி கேட்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஊர் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம் என்று குழுவில் கேட்டுக்கொண்டார்கள், அதனால் அதைத் தவிர்த்துவிட்டேன்.

முதலில் அவர்களிடம் என்னென்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். நல்லது கெட்டதுக்குப் போகிற பிளாஸ்டிக் நாற்காலி, மேஜை, அண்டா, கரண்டி. இறந்தவர் உடலை வைக்கிற பிரீசர் பாக்ஸ். வீல் சேர், வாக்கர், கட்டிலோடு தண்ணீர் மெத்தை. 2021 கொரோனா இரண்டாவது அலையில் யாரோ நன்கொடை கொடுத்த ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர்கள். அப்புறம் மழைக்காலச் சாமான்: தார்ப்பாய், ஜெனரேட்டர், தண்ணீர் இறைக்கிற டீசல் மோட்டார், அதற்கான ஹோஸ், நைலான் கயிறு, லைஃப் ஜாக்கெட், டார்ச், மெகாஃபோன், மரம் அறுக்கிற செயின்சா. இத்தனையும் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சாமான் ரூமில் இருந்தது. சாவி மூன்று பேரிடம்.

கணக்கு என்று ஒரு நோட்டு இருந்தது. அந்த நோட்டைப் பார்த்தால்தான் பிரச்சினை எங்கே என்று புரியும். ஒரு பக்கத்தில் "காக்கா, மோட்டார் 1" என்று இருக்கிறது. இந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்பார்கள், எழுதினவருக்கு அது யார் என்று அன்றைக்குத் தெரிந்திருக்கும், மூன்று மாதம் கழித்து அந்த ஊரில் பாதிப் பேர் காக்காதான். மோட்டாரும் இரண்டு இருந்தது, ஒன்று நன்றாக ஓடும், இன்னொன்று கயிறு இழுத்து இழுத்துக் கை வலிக்கும், போனது எது என்று நோட்டில் இல்லை. திருப்பிக் கொடுத்ததற்கு அடையாளமாகக் குறுக்கே ஒரு கோடு, தேதி கிடையாது. ஓடாத மோட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடுகிற மோட்டாரை வைத்துக்கொண்டாலும் அந்தக் கோடு போடப்படும்.

யாரும் திருடினார்கள் என்று நான் சொல்லவில்லை. எழுதச் சொல்லிக் கேட்கக் கூச்சம், அவ்வளவுதான். சாமான் ரூமைப் பார்த்துக்கொள்கிற பையனுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், வாங்க வருகிறவர் அவனுக்கு மாமா முறை. "நோட்டுல கையெழுத்துப் போடுங்க மாமா" என்றால் "என்ன மாப்ள, என்னையே நம்ப மாட்டியா" என்று ஒரு வார்த்தை வரும். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே நோட்டு பாதி காலியாகக் கிடந்தது. இந்த ஊர்களில் பொதுச் சாமான் கணக்குக் கெடுவதற்கு ஏறக்குறைய எல்லா இடத்திலும் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். ஸ்கேனர் விற்கிறவர்கள் சொல்கிற வேகமும் துல்லியமும் எங்களுக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. கேட்கிற வேலையை ஆளிடமிருந்து எடுத்து மெஷினிடம் கொடுக்க முடியுமா என்றுதான் பார்த்தோம்.

அதற்கு இந்தக் கடற்கரையில் ஏற்கெனவே ஒரு பழக்கம் இருக்கிறது. விசைப்படகு கடலுக்குப் போக வேண்டுமானால் மீன்வளத் துறையில் டோக்கன் வாங்கித்தான் போக வேண்டும், அதிகாரி சொந்தக்காரராக இருந்தாலும் டோக்கன் டோக்கன்தான், அதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. சாமானுக்கும் டோக்கன் மாதிரி ஒன்று என்று கூட்டத்தில் சொன்னதும் பெரியவர்கள் தலையாட்டிவிட்டார்கள். பார்கோடு, டேட்டாபேஸ் என்று பேசியிருந்தால் அன்றைக்கு டீ குடித்துவிட்டுக் கலைந்திருப்பார்கள்.

இனி பார்கோடு பக்கம் வருகிறேன். இது பிறந்ததே கடற்கரை மணலில்தான். அமெரிக்காவில் நார்மன் ஜோசப் வுட்லண்ட் என்பவர் மயாமி கடற்கரையில் உட்கார்ந்து மோர்ஸ் குறியின் புள்ளியையும் கோட்டையும் மணலில் விரலால் கீழே இழுத்துப் பார்த்திருக்கிறார், அது பட்டையும் மெல்லிசுமான கோடுகளாக நின்றிருக்கிறது. அவருக்கும் பெர்னார்ட் சில்வருக்கும் 1952ல் காப்புரிமை கிடைத்தது. கடைக்கு வர இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆனது: 1974 ஜூன் 26ஆம் தேதி ஓஹாயோ மாநிலத்தில் டிராய் என்கிற ஊரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ரிக்ளி சூயிங்கம் பாக்கெட்டைத்தான் முதலில் ஸ்கேன் செய்தார்கள்.

இந்தக் கடை வழக்கம்தான் பொதுச் சாமான் வைத்திருப்பவர்களைக் குழப்புகிறது. பிஸ்கட் பாக்கெட் மேலே 890 என்று ஆரம்பிக்கிற பார்கோடு இருக்கிறதே (இந்தியாவின் ஜிஎஸ்1 அமைப்பு கொடுக்கிற எண்கள் அப்படி ஆரம்பிக்கும்), அந்த வகை பிஸ்கட் எத்தனை லட்சம் பாக்கெட் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே எண்தான். கடைக்காரருக்கு இது என்ன பொருள், என்ன விலை என்று தெரிந்தால் போதும். இரவல் கொடுக்கிறவருக்கு அது போதாது, பத்து லைஃப் ஜாக்கெட்டில் எந்த ஜாக்கெட் யாரிடம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். குழுவில் ஒருவர், ஜெனரேட்டர் அட்டைப்பெட்டியில்தான் பார்கோடு இருக்கிறதே, அதையே ஸ்கேன் செய்தால் என்ன என்று கேட்டார். அதே மாடல் இரண்டு இருந்தால் இரண்டுக்கும் அதே எண் வரும், நோட்டில் "மோட்டார் 1" என்று எழுதியதற்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. நூலகத்தில் ஒரே புத்தகத்தின் மூன்று பிரதிக்கு மூன்று தனி எண் கொடுப்பார்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வழியை.

அதனால் ஒவ்வொரு உருப்படிக்கும் சொந்த எண். நான்கு இலக்கம், எழுத்து கலக்காமல், 1001லிருந்து. இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

யூஎஸ்பி ஸ்கேனர் என்பது கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இன்னொரு கீபோர்டு. கோட்டைப் படித்து எண்ணை டைப் அடித்து கடைசியில் என்டர் தட்டும், வேறெந்த சாஃப்ட்வேரும் வேண்டாம், ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ஸ்கேனரும் இதைத்தான் செய்கிறது. ஆனால் கீபோர்டு என்பதாலேயே ஒரு வேடிக்கை நடக்கும். கம்ப்யூட்டரில் தமிழ்99 விசைப்பலகை ஆன் ஆகியிருக்கும்போது ஆங்கில எழுத்து உள்ள பார்கோடை ஸ்கேன் செய்தால் திரையில் தமிழ் எழுத்துகள் சம்பந்தமில்லாமல் வந்து விழும், ஏனென்றால் ஸ்கேனர் அனுப்புவது எந்த விசை என்பதை மட்டும்தான், அது என்ன எழுத்து என்பதை முடிவு செய்வது கம்ப்யூட்டர். வெறும் எண்ணாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. 0001 என்று ஆரம்பித்தால் எக்செல், லிப்ரே ஆபீஸ் கால்க் என்கிற கணக்குத் தாள் சாஃப்ட்வேர் இரண்டுமே முன்னால் இருக்கிற சைபரைத் தின்றுவிட்டு 1 என்று மட்டும் காட்டும், அதற்குத்தான் 1001. நான்கு இலக்கம் எதற்கு என்றால், கோட் 128 என்கிற பார்கோடு வகையில் எண்களை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரே குறியாகச் சுருக்கலாம், அதனால் இரட்டைப்படை இலக்கம் இருந்தால் லேபிள் சின்னதாக அடங்கும். அந்த வகையில் சரிபார்ப்புக் குறி ஒன்று கட்டாயம் உள்ளே இருக்கும், 1324ஐ 1342 என்று தப்பாகப் படிக்காது, படிக்க முடியவில்லை என்றால் பேசாமல் இருந்துவிடும். கையால் எழுதுகிறவருக்குத்தான் இந்த முன்பின் எண் தகராறு அடிக்கடி வரும்.

கணக்குத் தாள் லிப்ரே ஆபீஸ் கால்க்கில், ஒருவர் கொடுத்த பழைய லேப்டாப்பில். நெட் இல்லாமலும் ஓட வேண்டும் என்பது குழு வைத்த நிபந்தனை, மழை அடிக்கிற ஊர் என்பதால் அது நியாயம்தான். இரண்டே தாள். ஒன்றில் எண்ணும் பொருளின் விவரமும், இன்னொன்றில் வரவும் போக்கும். ஸ்கேனரோடு வருகிற சின்னப் புத்தகத்தில் ஒரு பார்கோடு இருக்கும், அதை ஒரு தடவை ஸ்கேன் செய்தால் என்டருக்குப் பதில் டேப் தட்ட ஆரம்பிக்கும், அப்போது ஒரே வரிசையில் ஆள், பொருள், நிலை என்று பக்கவாட்டில் நிரம்பிக்கொண்டே போகும். நேரத்துக்கு "நவ்" சூத்திரத்தைப் போடாதீர்கள். தாளில் கணக்கு மறுபடி ஓடும்போதெல்லாம் அது புது நேரத்துக்கு மாறிவிடும், போன மாதம் போன மோட்டாரும் இன்றைக்குப் போனதாகக் காட்டும். நேரம் அப்படியே உறைந்து நிற்கிற மாதிரி ஒரு சின்ன மேக்ரோ (தாளுக்குள் தானாக ஓடுகிற கட்டளை) எழுதிக் கொடுத்தேன், அதுவும் வேண்டாம் என்றால் தேதியைக் கையால் அடித்தாலே போதும்.

லேபிள் கதைதான் பெரிய கதை.

கடைகளில் பில் அடிக்கிற தெர்மல் தாள் ஸ்டிக்கர்தான் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும், மலிவு, உடனே அடிக்கலாம். அது சூட்டில் கறுக்கிற தாள், வெயிலிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழேயும் ஒரு கோடைக்குள் ஒன்று வெளுத்துப் போகும் இல்லாவிட்டால் மொத்தமாகக் கறுத்துப் போகும். இங்கே உப்புக்காற்று வேறு, ஓரத்தில் பிசின் விட்டுப் போய்ச் சுருண்டு நிற்கும். வெளியே போய் வருகிற சாமானுக்கு ரெசின் ரிப்பனில் (சூட்டில் உருகி ஒட்டுகிற மை நாடா) அடித்த பாலியஸ்டர் லேபிள்தான் தாங்குகிறது. அது கிடைக்காத இடத்தில் ஐடி கார்டுக்குப் போடுகிற பிவிசி அட்டையில் அடித்து ஓட்டை போட்டுக் கட்டிவிடலாம், எங்கள் ஊரில் பாதிச் சாமானுக்கு இப்போது அதுதான். கட்டுகிற டை கறுப்பு நிறத்தில் வாங்குங்கள், வெள்ளை டை வெயிலில் நொறுங்கிவிடும்.

தார்ப்பாய் ஒரு தனிப் பாடம். நீலத் தார்ப்பாயின் வழவழப்பில் எந்த ஸ்டிக்கரும் நிலைப்பதில்லை. சரி, மேலேயே மார்க்கரால் கோடு போட்டு அச்சடித்துவிடலாம் என்றால் அதுவும் நடக்காது. மலிவான ஸ்கேனர்கள் சிவப்பு வெளிச்சத்தில் பார்க்கின்றன, சிவப்பு வெளிச்சத்துக்கு நீலம் இருட்டாகத் தெரியும், கறுப்புக் கோடும் இருட்டு, பின்னணியும் இருட்டு, எதையும் படிக்காது. ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டில் தலைகீழ்: ஆரஞ்சு அதற்கு வெள்ளை மாதிரி, கறுப்புக் கோடு பளிச்சென்று தெரியும், ஆனால் அழகுக்காகச் சிவப்பு மையில் பார்கோடு அடித்தால் அந்தக் கோடே காணாமல் போய்விடும். தார்ப்பாய்க்கு ஓரத்தில் கயிறு கட்டுகிற வளையத்தில் பிவிசி அட்டையைத் தொங்கவிட்டோம். மடித்து வைக்கும்போது அந்த மூலை வெளியே தெரிகிற மாதிரி மடிக்க வேண்டும், இதை நாலு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜெனரேட்டரில் என்ஜின் பக்கம் ஒட்டினால் சூட்டில் போய்விடும், பைப் சட்டத்தில்தான் ஒட்ட வேண்டும். உருண்டைப் பைப்பில் ஒட்டும்போது கோடுகள் பைப்பைச் சுற்றி வளையல் போல வர வேண்டும். பைப்பின் நீளவாக்கில் கோடுகள் போனால் இரண்டு ஓரமும் வளைவில் ஒளிந்துகொள்ளும், ஸ்கேனருக்கு நடுப்பாதிதான் தெரியும். ஓரத்தில் வெறுமையாக இடம் விடுவதும் முக்கியம். அழகாக இருக்கட்டும் என்று கோட்டை ஒட்டிக் கட்டம் போட்டுக் கேட்பார்கள், போட்டால் படிக்காது.

அண்டாவுக்கு எந்த லேபிளும் சரிவராது. அடுப்பில் ஏறுகிற சாமான், அப்புறம் சாம்பலும் மணலும் போட்டுத் தேய்க்கிற சாமான். அதற்கு நம் ஊர்களில் ஏற்கெனவே பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிற வழக்கம் இருக்கிறது, அதே மெஷினில் எண்ணை வெட்டிவிட்டோம், 1207 என்று விளிம்பில். அந்த எண்ணுக்கான பார்கோடு சாமான் ரூம் சுவரில் லேமினேட் செய்த அட்டையில் இருக்கிறது. அண்டா போகும்போது விளிம்பில் எண்ணைப் பார்த்து, சுவரில் அதே எண்ணை ஸ்கேன் செய்ய வேண்டியது. இந்தச் சுவர் அட்டைதான் இந்த ஏற்பாட்டிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, ஏனென்றால் அதற்கப்புறம் எல்லாவற்றையும் சுவரில் ஏற்ற ஆரம்பித்துவிட்டோம். "போகிறது", "வருகிறது", "நல்ல நிலை", "கழுவணும்", "ரிப்பேர்" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பார்கோடு. லைஃப் ஜாக்கெட் திரும்பி வந்துவிட்டது என்பதாலேயே அது அடுத்த ஆளுக்குப் போகத் தயார் என்று ஆகாது, உப்புத்தண்ணீரில் நனைந்ததை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வைக்க வேண்டும், வார் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "கழுவணும்" என்று ஒரு பீப் விழுந்தால் அது பட்டியலில் மஞ்சளாக நிற்கும். ஆக்சிஜன் மெஷின் வந்தால் மட்டும் அதன் மேலே இருக்கிற மணி மீட்டர் அளவையும் அடிக்கச் சொல்லியிருக்கிறோம், ஃபில்டர் எப்போது மாற்றுவது என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

எல்லா லேபிளிலும் பார்கோடை விடப் பெரிசாக அதன் கீழே எண் அச்சாகியிருக்கும். போனில் "அண்ணே, 1043 உங்க வீட்டுலயா இருக்கு?" என்று கேட்டால் எதிர் முனையில் இருப்பவர் ஸ்கேனர் இல்லாமலே பார்த்துச் சொல்லிவிடலாம். க்யூஆரும் கூடவே ஒரு மூலையில் உண்டு, போன் கேமராவுக்காக. ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனம் 1994ல் கார் உதிரி பாகங்களைக் கணக்கு வைக்கக் கண்டுபிடித்தது அது, உயர்ந்த பிழை திருத்த அளவில் அடித்தால் சுமார் 30 சதவீதம் வரை அழுக்கோ கிழிசலோ இருந்தாலும் படித்துவிடும். அப்படியானால் எல்லாமே க்யூஆராகப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள், போடலாம், ஆனால் மலிவு லேசர் ஸ்கேனர் அதைப் படிக்காது, அதற்குக் கேமரா வகை ஸ்கேனர் வேண்டும், கொஞ்சம் கூடுதல் விலை. போனிலேயே எல்லாம் செய்துகொள்ளலாம் என்கிற யோசனைக்கு நான் எதிரி. போனை எடுத்து, பேட்டர்ன் போட்டு, ஆப்பைத் திறந்து, அதற்குள் ஒரு கால் வந்து, பேசிவிட்டு மறந்துபோய் சாமானைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கதவோரத்தில் வயரோடு ஆணியில் தொங்குகிற ஸ்கேனர் மறக்கவிடாது.

எதற்கெல்லாம் எண் ஒட்டுவது என்பதில் குழுவில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. நாற்காலி ஒவ்வொன்றுக்கும் எண் போட வேண்டும் என்று ஒருவர் பிடிவாதமாக இருந்தார். கல்யாண வீட்டுக்கு இருநூறு நாற்காலி போகிற நாளில் இருநூறு பீப் அடிக்க யார் இருக்கிறார்கள்? பத்துப் பத்தாகக் கட்டிக் கட்டுக்கு ஒரு எண் என்று முடிவானது. ஒன்றிரண்டு உடையும், ஊர் மாறும், போகட்டும். மோட்டாரில் இதற்கு நேர் எதிர். மோட்டார் தொலையாது, அதன் ஃபுட் வால்வு, ஹோஸ் கிளாம்ப், ஸ்பானர்தான் தொலையும், அது இல்லாமல் மோட்டார் இரும்புக்குச் சமம். எனவே மோட்டாருக்கு ஒரு எண், அதன் சில்லறைச் சாமான் பெட்டிக்கு ஒரு எண், இரண்டும் சேர்ந்துதான் உள்ளே வர வேண்டும், பெட்டி மூடியின் உள்பக்கம் என்னென்ன இருக்க வேண்டும் என்று படத்தோடு ஒரு பட்டியல். மோட்டார் மட்டும் வந்தால், இன்னும் முழுசாகத் திரும்பவில்லை என்று பட்டியலில் காட்டுகிற சிவப்பு போகாது. விலை அதிகமானதற்கு எண் என்று ஆரம்பித்தவர்கள், எது இல்லாவிட்டால் வேலை நிற்குமோ அதற்கு எண் என்று வந்து சேர்ந்தார்கள்.

ஆட்களுக்கும் அட்டை. ஊரில் எல்லோருக்கும் இல்லை, தெருவுக்கு ஒரு பொறுப்பாளர், அவர் கழுத்தில் ஒரு அட்டை. யாருக்குச் சாமான் வேண்டுமானாலும் அந்தத் தெருப் பொறுப்பாளர் அட்டையில்தான் போகும், திருப்பி வாங்கித் தருவது அவர் பாடு. முதலில் அவர் அட்டை, அப்புறம் பொருள், அப்புறம் சுவரில் "போகிறது". மூன்று பீப். முதல் நாள் குழுத் தலைவரே வீட்டு வேலைக்கு ஏணி எடுக்க வந்தார், அவர் அட்டையை அவரே நீட்டினார், பையன்கள் அதை வீடியோ எடுத்து ஊர் குரூப்பில் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு "என்னையே நம்ப மாட்டியா" என்கிற பேச்சு வந்த மாதிரி தெரியவில்லை. "மாமா, ஒரு நிமிஷம் இருங்க, பீப் அடிச்சிட்டு எடுத்துட்டுப் போங்க" என்று பையன் சொல்கிறான், மாமாவும் நிற்கிறார். கேட்பது மெஷின் அல்லவா, கோபப்பட்டு யாரிடம் காட்டுவது.

ஒன்றுக்கு மட்டும் விலக்கு. பிரீசர் பாக்ஸ் போகிற வீட்டில் யாரிடமும் அட்டை கேட்பதில்லை. சாமான் ரூமில் இருந்து தூக்கிக்கொண்டு போகிற பையன்களில் ஒருவன் தன் அட்டையைக் காட்டிவிட்டுப் போவான், காரியம் முடிந்ததும் அவர்களே போய் எடுத்து வருவார்கள். நியாயமான ஏற்பாடு, எந்த ஊர் செய்தாலும் இதை இப்படித்தான் செய்ய வேண்டும்.

இன்னொரு விஷயத்தில் நான் கொஞ்சம் சத்தம் போட வேண்டியிருந்தது. யாரிடம் என்ன இருக்கிறது என்கிற பட்டியலை அப்படியே வாட்ஸ்அப் குரூப்பில் போடலாம் என்றார்கள், போட்டால் தானாகத் திருப்பித் தருவார்களாம். ஜெனரேட்டருக்குச் சரி. யார் வீட்டில் கமோட் சேர் இருக்கிறது, யார் வீட்டில் ஆக்சிஜன் மெஷின் இருக்கிறது என்பது ஊருக்குத் தெரிய வேண்டிய விஷயமா? தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023ல் சட்டமே வந்திருக்கிறது. சட்டம் இருக்கட்டும், பெண் பார்க்க வருகிற நேரத்தில் வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று இதை வைத்து யாராவது பேசினால் அந்தக் குடும்பம் அடுத்த தடவை சாமான் கேட்கவே வராது. மருத்துவச் சாமான் தனித் தாளுக்குப் போனது, செயலாளரும் சாமான் ரூம் பையனும் மட்டும் பார்ப்பார்கள். ஆதார் நகல் வாங்கி வைக்கலாம் என்கிற யோசனையையும் அன்றைக்கே ஓரங்கட்டியாயிற்று.

இத்தனையும் வெயில் காலத்தில் நன்றாக ஓடியது. மழை வந்தபோதுதான் நிஜச் சோதனை.

2024 நவம்பரில் ராமேஸ்வரம் தீவிலும் சுற்றுவட்டாரத்திலும் பேய்மழை பெய்தது நினைவிருக்கும், ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.யைத் தாண்டியது. அந்த மாதிரி நேரத்தில் யாரும் சாமான் ரூம் வாசலில் வரிசையில் நின்று அட்டை காட்டமாட்டார்கள், காட்டவும் கூடாது. கரன்ட் இல்லை, லேப்டாப் பேட்டரி பழசு, பாதி ஆள் இடுப்பளவு தண்ணீரில். மோட்டாரும் கயிறும் தார்ப்பாயும் கைக்குக் கிடைத்தவர் எடுத்துக்கொண்டு ஓடினார்கள், கணக்குத் தாளில் அன்றைக்கு ஒரு வரிகூட இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு எது எங்கே என்று தேடியதில் எண் பெரிசாக இருந்தது உதவியது. பக்கத்து ஊரில் இருந்து "உங்க 1118 எங்க பள்ளிக்கூடத்துல கிடக்கு" என்று போன் வந்தது. நோட்டுக் காலத்தில் அது அந்தப் பள்ளிக்கூடத்துச் சாமானாகவே ஆகியிருக்கும்.

அதற்குப் பிறகு குழு செய்த மாற்றம்தான் இந்த அனுபவத்தில் மற்ற ஊர்களுக்கு அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன். மழைக்காலச் சாமானைத் தனித்தனி உருப்படியாக வைக்காமல் மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்களில் தொகுப்பாகப் பிரித்தார்கள். ஒரு டிரம்மில் ஒரு தெருவுக்கு வேண்டிய கயிறு, டார்ச், லைஃப் ஜாக்கெட், மெகாஃபோன், எல்லாவற்றுக்கும் சேர்த்து டிரம்முக்கு ஒரே எண். பாம்பனில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் லேப்டாப், டார்ச், பவர் பேங்க் எல்லாம் சார்ஜ் போட்டாக வேண்டும். மூன்றாம் எண் ஏற்றினால், மழை வருகிறதோ இல்லையோ, டிரம்கள் அந்தந்தத் தெருப் பொறுப்பாளர் வீட்டுக்குப் போய்விட வேண்டும், அப்போது கரன்ட் இருக்கும், ஸ்கேன் செய்ய நேரமும் இருக்கும், டிரம்முக்கு மூன்று பீப் அவ்வளவுதான். அதற்கப்புறம் புயல் ஓய்கிற வரைக்கும் ஸ்கேன் கிடையாது. பெரிய சாமான் ஏதாவது கைமாறினால் லேபிள் தெரிகிற மாதிரி போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், படத்தில் நேரம் தானாகவே இருக்கும், பிறகு உட்கார்ந்து ஏற்றிக்கொள்ளலாம்.

பாக்கி இருப்பதையும் சொல்ல வேண்டும். டீசலுக்குப் பார்கோடு கிடையாது, மோட்டார் முழு டேங்க்கோடு போய்க் காலி டேங்க்கோடு வருகிறது, அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. கயிறு நீளம் குறைந்து வருகிறது, எண் அட்டை ஒரு முனையில் பத்திரமாக இருக்கும், இன்னொரு முனையை யாரோ வெட்டியிருப்பார்கள். ஸ்கேனர் ஒன்று உப்புக்காற்றில் துரு ஏறி விசை இறுகிப் போனது, இப்போது ஜிப் போட்ட பிளாஸ்டிக் கவரில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறார்கள், பயன்படுத்தாத நேரத்தில் ஆணியில் தொங்குவதில்லை. சாமான் ரூம் பையன் வேலை கிடைத்து வெளியூர் போனால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அவன் தங்கையையும் இன்னும் ஒரு பெண்ணையும் பழக்கியிருக்கிறார்கள். இருவரும் அவனை விடக் கறாராக இருக்கிறார்கள் என்று கேள்வி.

வருஷத்துக்கு ஒரு முறை முழு இருப்புச் சரிபார்ப்பு, அதை மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்கிறார்கள். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆட்கள் ஊரில் இருப்பார்கள், சாமானை எல்லாம் வெளியே எடுத்து வெயிலில் போட்டு ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து வெளுத்துப்போன லேபிளை மாற்ற அதைவிட நல்ல நேரம் கிடையாது. போன தடவை அப்படிச் செய்தபோது சாமான் வரவு போக்குத் தாளைப் புரட்டிப் பார்த்ததில், அதிகமாக வெளியே போகிற சாமான் ஜெனரேட்டர்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு என்று தெரிந்தது. வீல் சேரும் வாக்கரும்தான் சாமான் ரூமில் தங்குவதே இல்லை, ஒரு வீட்டிலிருந்து நேராக இன்னொரு வீட்டுக்குப் போகிறது. வெளிநாட்டில் இருந்து அடுத்த நன்கொடை வந்தபோது இன்னொரு ஜெனரேட்டர் வாங்கலாம் என்று இருந்தவர்கள் அந்தத் தாளைக் காட்டி வாக்கரும் வீல் சேரும் வாங்கினார்கள், கொடுத்தவரும் மறுபேச்சு பேசவில்லை.

இப்போது பக்கத்தில் இருக்கிற ஊர்க் குழுக்களும் சேரக் கேட்கின்றன, ஒரு ஊரில் இல்லாத சாமானை இன்னொரு ஊரில் வாங்கிக்கொள்ளலாம் என்று. எண்ணுக்கு முன்னால் ஊருக்கு இரண்டு இலக்கம் சேர்த்து ஆறு இலக்கமாக ஆக்கலாம், ஆறும் இரட்டைப்படைதான், லேபிள் அவ்வளவாக நீளாது, அதற்கு எல்லா ஊரும் ஒப்புக்கொண்டாகிவிட்டது. ஊர் விட்டு ஊர் போகிற சாமானுக்கு வாடகை வாங்குவதா, டீசல் யார் ஊற்றுவது, ரிப்பேர் ஆனால் யார் தலையில் என்பதெல்லாம் அடுத்த தடைக்காலக் கூட்டத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது.